ஆளில்லாச் சட்டைக்கு ஏழு ஆமென்

பிப்ரவரி 22, ஞாயிறு

நாள் நன்றாகத்தான் தொடங்கியது. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கொயர் மாஸ்டர் ரத்தினசிங் மாமா கூப்பிட்டார். குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் நடக்கும் இசை மாலைக்கு இந்த வருஷம் புதுசாக ஏதாவது வேண்டுமாம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கொயர் போன வருஷம் ஆப்பிரிக்கப் பாட்டுப் பாடிக் கைதட்டல் வாங்கிவிட்டது. அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த என் குழல் வீடியோவைப் பார்த்திருக்கிறார்.

"ஏ கெத்சி, அந்த ஜப்பான் குழலு, ஒரு ஜப்பான் கவிதை, நம்ம நாலு பார்ட் கொயரு. மூணையும் ஒண்ணா போட்டா எப்படி இருக்கும்?"

எப்படி இருக்குமா. இரண்டு வருஷமாக என் ஹெட்ஃபோனுக்குள் வேறு எதுவுமே ஓடவில்லை. ஷாகுஹாச்சி என்பது ஐந்தே துளை உள்ள மூங்கில். மேல் முனையின் விளிம்பில் மூச்சை உடைத்து ஊத வேண்டும். மூச்சுச் சத்தமும் இசையில் சேர்த்தி. அது நின்ற பிறகு வரும் அமைதியும் சேர்த்தி. அந்த அமைதிக்குப் பின்னால் நாற்பது பேர் வாய் மூடி ஒரே சுரக்கூட்டை முனகினால்? சரி மாமா, சரி மாமா என்று ஏழெட்டுத் தடவை சொன்னேன்.

அதற்குள் கீபோர்டு ஷெல்டன் வந்தான். வாயில் வாழைக்காய் பஜ்ஜி. "அந்தக் குழலு இதுலயே இருக்குட்டி" என்று எண்ணெய் விரலால் ஒரு பட்டனை அழுத்தினான். பிளாஸ்டிக் டம்ளருக்குள் யாரோ தும்மியது போல ஒரு சத்தம். திரையில் ஷாகுஹாச்சி என்றே பெயர் வேறு. குமட்டிக்கொண்டு வந்தது. இதெல்லாம் ஷாகுஹாச்சியே இல்லை என்றேன். நீ நிஜ மூங்கிலில் ஊதியிருக்கிறாயா என்று கேட்டான்.

என் குழல் பிளம்பர் விட்டுப்போன பிவிசி பைப்பில் நானே கம்பி காய்ச்சித் துளை போட்டது. அவனுக்கு அது தெரியும். பஜ்ஜி தின்கிறவனிடம் என்ன பேச்சு.

பிப்ரவரி 23, திங்கள்

கவிதை கிடைத்துவிட்டது. எங்கள் ஆன்லைன் ஷாகுஹாச்சி குழுவில் கசுமி-சான் என்று ஒருவர் இருக்கிறார். ஜப்பானில் ஏதோ கடலோர ஊரில் மருந்துக்கடையில் வேலை. வயது தெரியாது, கேட்டதில்லை. குழல் சுமாராக ஊதுவார். ஆனால் மூன்று வரிக் கவிதை எழுதி ஒரு போட்டோவோடு போடுவார் பாருங்கள், நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். போன வருஷம் துணிக்கொடிப் படத்துக்குக் கீழே போட்டதைத் தமிழாக்கினேன்:

துவைத்த சட்டை
ஆளில்லாமல் கைவிரிக்க,
மழை வாசனை.

அவருடைய இருநூறு கவிதைகளில் இதை எடுத்ததற்குக் காரணம் அசை எண்ணிக்கை மட்டும்தான். பாடுவதற்கு வாகானது. அனுமதி கேட்டேன். தாராளமாக என்றார். ஒரு சொல் கூட்டமாட்டோம், ஒரு சொல் குறைக்கமாட்டோம் என்று நானாகவே சத்தியம் செய்து கொடுத்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

குழலை வினிகர் ஊற்றிக் கழுவினேன். உள்ளே எச்சில் காய்ந்து ஊறுகாய் வாடை. நானே வெறுத்துப்போனேன்.

மார்ச் 1, ஞாயிறு

முதல் பிராக்டிஸ். இதை எழுதும்போதும் எனக்குப் பல் கூசுகிறது.

மாமா கவிதையைப் போர்டில் எழுதினார். எதிரே நாற்பது பேர். சொப்ரானோக்காரர்கள், ஆல்டோவில் அம்மா, டெனர், கடைசியில் அடிக்குரல் பாடும் பேஸ் வரிசை. ஒவ்வொருவராக உதட்டை அசைத்துப் படித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சொப்ரானோவில் ஃப்ளோரா அக்கா மெதுவாகச் சொன்னாள்: "கைவிரிச்சிக்கிட்டு இருக்கு. உள்ள ஆளு இல்ல. சிலுவையும் கல்லறையும் ஒண்ணா வந்துட்டுல்லா."

அவ்வளவுதான். மொத்த ஹாலும் உச்சுக்கொட்டியது. டெனரில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமா, உயிர்த்தெழுந்தவர் கழற்றிப் போட்ட துணியைப் பற்றிக் குட்டிப் பிரசங்கமே வைத்துவிட்டார். மழை வாசனை பரிசுத்த ஆவியாம்.

அது சட்டை என்று சொன்னேன். வெறும் சட்டை, துவைத்துப் போட்ட சட்டை. எழுதினவர் கிறிஸ்தவரே இல்லை. பேசாமல் ஒரு பொருளைப் பார்ப்பதுதான் அந்தக் கவிதை வகையின் உயிரே, அதற்கு அர்த்தம் மாட்டிவிடுவது கேவலம் என்றெல்லாம் சொன்னேன். "சட்டதாம்மா, யாரு இல்லன்னா" என்று மாமா சிரித்தார். சின்னப் பிள்ளை கையில் மிட்டாய் கொடுக்கிற சிரிப்பு. அம்மா மட்டும் போர்டைப் பார்க்கவே இல்லை. பாட்டுப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டிருந்தாள். அவளாவது எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

பேஸ் வரிசையில் இரண்டாவது நாற்காலியை இன்னும் காலியாகவே விட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் ஓரமாக நின்றுகொண்டே பாடுகிறான். ஒரு நாற்காலியை வீணாக்கி என்ன நாடகம்.

மார்ச் 3, செவ்வாய்

மாடியில் துணி காயப்போட்டேன். அம்மா அந்த வெள்ளைச் சட்டையை இன்றைக்கும் வாளியில் போட்டிருந்தாள். கொயருக்குப் போடுகிற முழுக்கைச் சட்டை. யாரும் போடாத சட்டையில் எப்படி அழுக்கு வரும்? நான் அதைக் கொடியில் போடவில்லை. வாளியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். அம்மா எதுவும் கேட்காமல் மேலே போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

மார்ச் 7, சனி

ஆமென் சேர்த்துவிட்டார்கள்.

ஒன்று இல்லை, ஏழு. எங்கள் கோயிலில் விசேஷம் என்றால் முடிவில் ஏழு தடவை ஆமென் பாடுவது வழக்கம். நாலு பார்ட்டும் ஏறி, இறங்கி, பின்னி, கடைசி ஆமென் தரையில் பாய் விரித்த மாதிரி படுக்கும். கல்யாணத்துக்குப் பாடுவார்கள், அடக்கத்துக்கும் பாடுவார்கள். ஆகஸ்டில் அப்பாவுக்கும் பாடினார்கள். மூன்று வரிக் கவிதைக்குப் பின்னால் அதைவிட நீளமாக ஏழு ஆமென். குருவிக்கு யானைத் தும்பிக்கை வைத்த மாதிரி.

மாமா ஏற்பாடு இதுதான்: பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் கொயர் கவிதையை மூன்று தடவை பாடும். பிறகு அமைதி. பிறகு நான் தனியாக ஊத வேண்டும். என் கடைசிச் சுரத்தின் மேல் ஏழு ஆமென் ஏறும், நானும் கூடவே ஊத வேண்டும்.

நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன் என்றேன். ஒரு சொல் கூட்டக்கூடாது.

"ஆமென் எப்படிம்மா கூட்டுன சொல்லாவும்? அது முடிச்சுப் போடுததுல்லா" என்றார் மாமா.

மார்ச் 8, ஞாயிறு

கசுமி-சானுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். சிலுவை, கல்லறை, ஆவி, ஏழு ஆமென், ஷெல்டனின் தும்மல். உங்கள் கவிதையை நாசமாக்குகிறார்கள், நீங்கள் தடை சொன்னால் அப்படியே மாமாவிடம் காட்டுவேன் என்று முடித்தேன். கொஞ்சம் கோபமாகவே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

பதில் வந்தது. கோபம் இல்லை. மொழிபெயர்ப்புச் செயலி வழியாக வந்த ஆங்கிலம். நான் புரிந்துகொண்டபடி:

"நிறையச் சிரித்தேன். சிலுவை எனக்குத் தோன்றவில்லை. அது என் கணவருடைய சட்டை. எங்கள் ஊரில் மழைக்காலத்துக்கு முன்னால் துவைத்து வைக்காவிட்டால் அலமாரியில் பூஞ்சை பிடிக்கும். அவர் இல்லாவிட்டாலும் பிடிக்கும். ஆகையால் துவைக்கிறேன். ஆமென் என்றால் என்ன?"

அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம் என எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்து: "அப்படியானால் ஏழு தடவை கொஞ்சம் குறைவுதான்."

இவரும் அந்தப் பக்கம் போய்விட்டார். ஒரு கலைஞருக்குத் தன் படைப்பு மேல் இவ்வளவு அக்கறையில்லாமல் இருக்குமா? எனக்கு வெறுத்துவிட்டது.

மாடியில் அம்மாவின் வெள்ளைச் சட்டை விவகாரமும் இதுவும் ஒன்றல்ல. கசுமி-சான் கவிஞர். அம்மா சும்மா துவைக்கிறாள்.

மார்ச் 14, சனி

இன்று முழுக் கொயரோடு முதல் முறை ஊதினேன். ஊதினேன் என்பதைவிட அசிங்கப்பட்டேன் என்று எழுதலாம். ஆனால் தப்பு என்னுடையதில்லை, ஆதாரம் வைத்திருக்கிறேன்.

என் குழலின் ஆதாரச் சுரம் மேற்கத்திய இசையின் டி. கொயரும் டி-யில்தான் தொடங்கியது, ஷெல்டன் சுருதி கொடுத்தான். மூன்றாவது தடவை பாடி முடித்து, அமைதி விட்டு, நான் ஊதியபோது ஹால் முழுக்க முகம் சுளித்தது. கடைவாயில் வெள்ளிக்காகிதம் கடித்தது போல இருந்தது. ஒவ்வொருவரும் என் பைப்பைப் பார்த்தார்கள். நான் போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்து மறுபடி பாடச் சொன்னேன். முள் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று தடவை பாடி முடிப்பதற்குள் கொயர் கிட்டத்தட்ட அரைச் சுரம் சறுக்கிவிடுகிறது. எல்லோரும் சேர்ந்து சறுக்குவதால் யாருக்கும் தெரிவதில்லை. நாற்பது பேரும் ஒரே லிப்ட்டில் கீழே போகிற மாதிரி.

போனைத் தூக்கிக் காட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஷெல்டன் கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னான்: "எனக்கு ஒரு பட்டன் போதும் மாமா. அவிய எங்க இறங்குதாவளோ அங்க நானும் இறங்கிருவேன். இவ பைப்ப அறுத்துல்லா ஒட்டணும்."

சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

மாமா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். அடுத்த வாரமும் இப்படி இடித்தால் கீபோர்டுதான் என்றார். நீங்கள் இறங்காமல் பாடினால் போதுமே என்றேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு பேஸ் வரிசைப் பக்கம் பார்த்தார்.

"முன்ன இறங்குனதில்லம்மா. உங்கப்பா ஒரு ஆளு பிடிச்சிட்டு நிப்பாவ. எட்வின் நிக்கான்னு மத்தவிய எல்லாம் சாஞ்சி பாடுவோம். இப்ப சாயுததுக்கு ஆளு இல்ல, சரியுது."

மார்ச் 15, ஞாயிறு

எதற்கெடுத்தாலும் அப்பா பெயரை இழுப்பது சகிக்கவில்லை. சுருதி தவறினால் அப்பா இல்லை. மைக் இரைந்தால் எட்வின் இருந்தால் சரிபண்ணியிருப்பான். கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி குறைந்தாலும் அப்பாதான் காரணமா? நாற்பது பேர் சேர்ந்து ஒருவர் தோளில் சாய்ந்திருக்கிறார்கள், அதற்கு வெட்கம் வேண்டாமா?

வீட்டில் நாங்கள் சாயவில்லையே. அம்மா வேலைக்குப் போகிறாள். நான் துணி துவைக்கிறேன், சிலிண்டர் மாற்றுகிறேன், மோட்டார் போடுகிறேன். யாரும் சரியவில்லை.

ஷாகுஹாச்சியில் சுரத்தை இறக்க வழி இருக்கிறது, இல்லாமல் இல்லை. தாடையைத் தாழ்த்திக் கீழே பார்த்து ஊதினால் அரைச் சுரம் என்ன, முழுச் சுரமே இறங்கும். ஆனால் சத்தம் செத்துவிடும். நிமிர்ந்து ஊதும்போது வருகிற மணி போன்ற டி போய், ஈரத்துணி மாதிரி ஒரு முனகல் வரும். அதுவும் அழகுதான் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, பழகவுமில்லை. தப்பாகப் பாடுகிறவர்களுக்காக நான் ஏன் குனிய வேண்டும்?

மார்ச் 21, சனி

ஃப்ளோரா அக்கா கூட்டம் ஜப்பான் டிரெஸ் தயார் செய்திருக்கிறது. பூப்போட்ட நைட்டி, குறுக்கே துப்பட்டாவால் பெல்ட், கொண்டையில் சமோசாக் கடை மூங்கில் குச்சி இரண்டு. நோட்டீஸில் சீன டிராகன் வேறு. கிரிஞ்ச் என்ற சொல் இதற்குப் போதாது, வேறு சொல் யாராவது கண்டுபிடிக்க வேண்டும்.

நைட்டியை மட்டும் பாஸ்டர் ஐயர் தடுத்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேச்சு எனக்குப் பிடித்தது.

இன்றும் இடித்தது. மாமா என்னைத் தள்ளவில்லை, யோசிக்கிறேன் என்றார். ஷெல்டன் இப்போதே பட்டனில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான்.

மார்ச் 25, புதன்

முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை கடைசி பிராக்டிஸில் மட்டும் குனிந்து ஊதுவேன். மாமா நம்பிவிடுவார், இடம் எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நிமிர்ந்து நிற்பேன். சரியான டி-யை, சுத்தமாக, கண்ணாடி மாதிரி ஊதுவேன். கொயர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று கோயிலுக்கே தெரியட்டும். லைவ் வேறு போகிறது. அதற்கப்புறம் யாரும் அந்த நாற்காலியைக் காட்டி மூக்கைச் சிந்தமாட்டார்கள். அப்பா இல்லாமல் பாடத் தெரியாது என்றால் பாடாதீர்கள், அவ்வளவுதான்.

மார்ச் 28, சனி

குனிந்து ஊதினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். ஷெல்டன் ஸ்டிக்கரை உரித்துத் தன் போன் மேல் ஒட்டிக்கொண்டான், போகும்போது "நல்லாருந்துச்சிட்டி" என்றான். நல்லாயிருந்தது என்று சொல்லும்போதும் அவன் மேல் பஜ்ஜி வாடைதான்.

திட்டம் நாளைக்கு அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அம்மா தன் புடவையோடு வெள்ளைச் சட்டையையும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இது எதற்கு என்றேன். இவ்வளவு நாள் கேட்காததை இன்று கேட்டுவிட்டேன்.

"சுருங்கிக் கிடந்தா பாக்க நல்லாவா இருக்கு" என்றாள். காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். பிறகு, "அந்தக் கவிதைய நீதானட்டி எடுத்த" என்றாள்.

அசை எண்ணிக்கைக்காக எடுத்தேன் என்று சொன்னேன்.

சரி என்றாள்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கோயில் நிறைந்திருந்தது. காலைப் பவனியில் பிடித்த ஓலைகள் பெஞ்சுக்குப் பெஞ்சு வாடிக் கிடந்தன. மின்விசிறிக் காற்றில் கசகச என்று சத்தம். அதுவே எனக்கு எரிச்சல். கொயர் எழும்பியது. ஆண்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை, அரக்கு டை. இரண்டாவது நாற்காலியின் முதுகில் யாரோ ஒரு குருத்தோலையைச் செருகியிருந்தார்கள். யார் வேலை என்று தெரியும், சொப்ரானோக்காரர்களுக்கு இதுதானே பிழைப்பு.

முதல் தடவை பாடினார்கள். டி. சரியாக நின்றது. இரண்டாவது தடவை "ஆளில்லாமல்" என்ற இடத்தில் ஆல்டோ லேசாக நடுங்கியது. அம்மா பக்கம் நான் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை எல்லாம் கலந்து இறங்கியது. போன் கையில் இல்லை, ஆனாலும் தெரிந்தது. பிராக்டிஸில் இறங்கியதைவிட அதிகம். பேஸ் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, பிடிக்க முடியாமல் நின்றது. அந்தப் புதுப் பையனின் கழுத்து நரம்பு எனக்குத் தெரிந்தது. மாமா கையை மூடினார்.

அமைதி.

இரண்டு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி இதுதான் என்று நினைத்திருந்தேன். ஹெட்ஃபோனில் அது சுத்தமாக இருக்கும். இதில் ஓலை கசகசத்தது, ஒரு குழந்தை இருமியது, யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சகிக்கவே முடியாத அமைதி. குழலை உதட்டில் வைத்தேன். நிமிர்ந்துதான் நின்றேன். டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும், மேலே, தனியாக, பளிச்சென்று. ஒரு மூச்சு போதும்.

அப்பா இந்த இடத்தில் என்ன செய்வார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர் பாடும்போது தாடை நெஞ்சில் இடிக்கும், அவ்வளவுதான் ஞாபகம் வந்தது. பேஸ் சுரம் வயிற்றிலிருந்து வர வேண்டுமென்று குனிந்துகொண்டே பாடுவார். நான் சின்னப் பிள்ளையில் அவர் தூங்குகிறார் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

தாடை இறங்கியது.

நான் இறக்கினேன் என்று எழுதமாட்டேன். இறங்கியது. சுரம் கீழே போனது, போய்க்கொண்டே இருந்தது, கொயர் கிடந்த இடத்தைத் தொட்டதும் நின்றது. மணி இல்லை, கண்ணாடி இல்லை. எச்சிலும் மூச்சுமாக ஒரு முனகல். அதன் மேல் முதல் ஆமென் ஏறியது. பேஸ்காரர்கள் என் பக்கம் திரும்புவது ஓரக்கண்ணில் தெரிந்தது. இரண்டாவது ஆமெனில் அந்தப் பையனின் கழுத்து நரம்பு தளர்ந்துவிட்டது. என்மேல் சாய்கிறார்கள் என்று புரிந்தது. நாற்பது பேர். பிவிசி பைப்பின் மேல்.

ஏழாவது வரைக்கும் சரியவில்லை. எனக்கு மூச்சுத் திணறியது, பைப் முனையிலிருந்து எச்சில் சொட்டி என் புதுச் செருப்பில் விழுந்தது. அருவருப்பாக இருந்தது.

கசுமி-சான் சொன்னது சரி. ஏழு குறைவு.

மார்ச் 31, செவ்வாய்

லைவ் வீடியோவுக்கு என் மொத்த யூடியூப் சேனலையும்விட அதிகப் பார்வை. முகப்புப் படத்தில் நான் தலைகுனிந்து கண்ணை மூடி நிற்கிறேன். கீழே ஆயிரம் பேர், இந்தத் தங்கச்சியின் பக்தியைப் பாருங்கள், எவ்வளவு தாழ்மை என்று எழுதியிருக்கிறார்கள். கூப்பின கை, தீபம், புறா இமோஜிகள். சுருதி இறக்குகிற உத்தி என்று ஒருவருக்குப் பதில் போட்டேன். "ஆமென் சகோதரி" என்று திரும்பி வந்தது. ஷெல்டன் அதற்கும் லைக் போட்டிருக்கிறான். அம்மா எல்லா குரூப்பிலும் அனுப்பிவிட்டாள்.

வீடியோவைப் பார்த்துவிட்டுக் கசுமி-சான் ஒரே வரி எழுதியிருந்தார்: "ஈரத்துணி போல ஒலிக்கிறது. நல்லது."

அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்கும் ஊத வேண்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். நிற்கக் கால் வலிக்கும் என்றேன். பேஸ் வரிசையில் நாற்காலி கிடக்கிறதே என்றார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் மாடியில் துணி போட்டேன். காற்று பலமாக இருந்தது, வாளியில் கிளிப் பத்தவில்லை. வெள்ளைச் சட்டை பறந்துவிடும் போல இருந்தது. என் துப்பட்டாவில் போட்டிருந்த இரண்டு கிளிப்பையும் கழற்றி அதன் தோளுக்கு ஒன்றாகப் போட்டேன். சட்டை கையை விரித்து நின்றது. துப்பட்டா பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் விழுந்தது. கழுநீரும் பழத்தோலுமாக எடுத்து வந்திருக்கிறேன். மூன்று தடவை அலசியும் வாடை போகவில்லை.

நாளைக்கு மறுபடி துவைக்க வேண்டும்.